முன்னால் போகிறவனின் கால்

செப்டம்பர் 3, ஈரோடு

பயணக் குறிப்பு எழுதுவது அங்கமுத்துவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவன்தான் எழுதினான். எத்தனை கிலோமீட்டர், எங்கே பெட்ரோல், எந்த ஊரில் இட்லி கல்லாக இருந்தது என்று மணிமணியான கையெழுத்தில் இருக்கும். எனக்கு எழுத்து வராது. மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை அவன் வரவில்லை, நோட்டு என் தலையில் விழுந்துவிட்டது.

அவனால் வர முடியாது. போன வருஷம் பிப்ரவரியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கோகர்ணம் போய்த் திரும்பும்போது, ஹூப்ளி தாண்டி ஓர் இடத்தில் ரோட்டின் வலது பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் முன்னால் போனேன். பின்னால் வந்த அவன் அந்தக் குழியில் இறங்கிவிட்டான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வண்டியிலேயே தூங்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாளைக் காலை லடாக் கிளம்புகிறேன். கார்துங் லா கணவாயை அறுபது வயதுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்தது. எனக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது. என் மனைவி கலாமணி இரண்டு நிபந்தனை போட்டாள்.

"தனியாப் போகக் கூடாதுங்க, கூட ஒரு ஆளு வரோணும். அப்பறம், வண்டில ஒரு கீறல் வுழுந்தாலும் இதோட சரி. வந்ததும் வித்துப்போடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ஆகக் கீறல் விழக் கூடாது. விழுந்தால் சாகும்வரை நான் டவுன் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான். புல்லட் இல்லாத சென்னியப்பனை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

கூட வருகிற ஆள் தீர்த்தகிரி. எங்கள் வண்டிக்காரர்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவன். தர்மபுரிக்காரன், வயது முப்பத்தாறு, ஈரோட்டில் இருந்து சரக்கு ரயில் ஓட்டுகிறான். சாயங்காலம் வந்து வண்டிகளைச் சரிபார்த்தான். "நீங்கதான் முன்னாடி போவீங்களாண்ணா?" என்று கேட்டான். பின்னே வேறு யார் போவார்கள்?

அங்கமுத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் மனைவி சிவகாமி காப்பி கொடுத்தாள். வழக்கம்போல, "அன்னைக்கு நீங்க இல்லீன்னா இந்த மனுசன் ரோட்டுலயே போயிருப்பாருங்கண்ணா" என்றாள். வழக்கம்போல அவன் பக்கம் திரும்பி, "ராத்திரி செல்போன நோண்டிட்டு தூங்காம வண்டி ஓட்டுனா கால் போகாம என்ன போகும்" என்றாள். அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தபோது ஒன்றுதான் கேட்டான்.

"யாருடா முன்னால போறது?"

நான்தான் என்றேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 4, அனந்தப்பூர்

470 கிலோமீட்டர். பெட்ரோல் கிருஷ்ணகிரியில் ஒரு தடவை, சிக்கபள்ளாப்பூரில் ஒரு தடவை.

கிளம்பும் முன் தீர்த்தகிரிக்கு நம் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவியெல்லாம் எனக்குப் பிடிக்காது. முன்னால் போகிறவனின் கால்தான் பேசும். இடது பக்கம் பள்ளம் என்றால் இடது காலை நீட்டுவான், வலது பக்கம் என்றால் வலது காலை. பின்னால் வருகிறவன் நாலு வண்டி தூரம் விட்டு, கொஞ்சம் வலது ஒதுங்கி வர வேண்டும். அவன் ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலைப் பார்த்து வந்தால் போதும். நானும் அங்கமுத்துவும் லட்சம் கிலோமீட்டர் அப்படித்தான் ஓட்டினோம்.

"கால மட்டும் நம்பணுமாண்ணா?"

"என் கால நம்பலாம்" என்றேன்.

ரயில்காரன் புத்தி அவனை விடவில்லை. சிக்னலில் நின்றால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "சிவப்பு" என்று சத்தமாகச் சொல்கிறான். மாறியதும் "பச்சை" என்கிறான். இன்ஜினில் இருக்கும் இரண்டு பேரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், ஒருவர் கண்ணுக்குத் தப்பினால் மற்றவர் வாயில் வந்துவிடும் என்று. தண்டவாளத்தை விட்டு இறங்கப் போகிறதா என்ன, அதற்கு எதற்கு இரண்டு ஆள் என்றேன். சிரித்தான்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்று. தூசிக்கு.

செப்டம்பர் 5, காமாரெட்டி

475. ஹைதராபாத்துக்கு வெளியே சுற்றிப் போகும் பெரிய ரோட்டில் இரண்டு சக்கர வண்டிகளை விடமாட்டார்கள், ஊருக்குள் புகுந்துதான் வந்தோம். அங்கே ஒழுங்கு என்பதே கிடையாது. மூன்று பேர் வலது பக்கமிருந்து முளைத்து வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். புரியாத மாதிரி ஓட்டினேன்.

செப்டம்பர் 6, நாக்பூர்

390 கிலோமீட்டர். தீர்த்தகிரியின் முன்சக்கர ரிம் நெளிந்துவிட்டது. ஆதிலாபாத் தாண்டி ஒரு பள்ளத்தில் விட்டுவிட்டான். விழவில்லை, பிடித்துக்கொண்டான். நாக்பூரில் ஒரு கடையில் தட்டி நேராக்கக் காத்திருந்ததில் மத்தியானம் போயிற்று.

"வலது பக்கம் அவ்ளோ பெரிய பள்ளம்ணா. நீங்க கால் நீட்டலையே."

"நீட்டினேன். நீ பாக்கல."

கடைக்காரன் சுத்தியலால் தட்டுவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நீட்டித்தான் இருப்பேன். இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் போகும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தப்பு யார் மேலாவது இருக்க வேண்டும், தன் மேல் மட்டும் இருக்கக் கூடாது.

செப்டம்பர் 7, சாகர்

400. காட்டுப் பகுதி முழுக்க மழை. துணி எல்லாம் ஈரம், ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறேன்.

தீர்த்தகிரி சொன்ன இடத்தில் வருவதில்லை. நாலு வண்டி தூரம் என்று அத்தனை தெளிவாகச் சொல்லியும், இன்று காலையிலிருந்து என் வலது தோளை ஒட்டியே வருகிறான். கண்ணாடியில் பார்த்தால் காணோம். எங்கே போய்த் தொலைந்தான் என்று கழுத்தைத் திருப்பினால் பக்கத்திலேயே இருக்கிறான். சியோனியில் நிறுத்திக் கேட்டேன்.

"நீ எனக்கு என்ன, காவல்காரனா?"

"மழைல பின்னாடி இருந்தா தண்ணி தெறிக்குதுண்ணா" என்றான். பிறகு, "நான் கொஞ்ச தூரம் முன்னாடி போகட்டுமா?" என்றான்.

அதுதானே பார்த்தேன். வந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் முன்னால் போக ஆசை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டீக்கடையில் கிளாஸைத் தட்டிவிட்டேன். இது மூன்றாவது. அந்தக் கடைகளில் மேசை போடுகிறார்களா, பலகை போடுகிறார்களா தெரியவில்லை, ஒரு கை வைக்க இடமில்லை. தீர்த்தகிரி பேசாமல் வேறு டீ சொல்லி, என் இடது கைப் பக்கம் வைத்தான்.

செப்டம்பர் 8, குவாலியர்

310 கிலோமீட்டர்தான்.

லலித்பூர் தாண்டி நாலு வழிச் சாலை. நடுவில் செடி வைத்த மேடு, அங்கங்கே திரும்புவதற்கு வழி விட்டிருக்கிறார்கள். நான் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தீர்த்தகிரி விடாமல் ஹாரன் அடித்தான். என்ன பைத்தியமா இவனுக்கு என்று நினைத்தேன். அடித்துக்கொண்டே முன்னால் பாய்ந்து எனக்கும் நடுமேட்டுக்கும் இடையில் புகுந்து, என்னை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். மண்ணில் இறங்கி நின்றேன். திட்டுவதற்கு வாயைத் திறக்கும்போது ஒரு டிராக்டர், கரும்பு ஏற்றியது, அந்த வழியாக வலமிருந்து குறுக்கே வந்து ரோட்டைக் கடந்து போனது. ஓட்டுகிறவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தீர்த்தகிரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். அப்புறம், "வண்டிக்குக் கீறல் ஒண்ணும் இல்லண்ணா" என்றான். கலாமணியின் நிபந்தனையை முதல் நாள் வாய் தவறி அவனிடம் சொல்லியிருந்தேன்.

செப்டம்பர் 9, கர்னால்

450. பேச்சு வார்த்தை இல்லை.

செப்டம்பர் 10, மண்டி

310 கிலோமீட்டர். மலை தொடங்கிவிட்டது. தூரத்துப் பலகைகளை அவனுக்கு முன்னால் நான் படித்துவிடுகிறேன். என் பார்வையில் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை.

சாயங்காலம் அறையில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். தீர்த்தகிரி பாட்டிலை எடுத்துப் பார்த்தான்.

"இது தூசிக்குப் போடற மருந்து இல்லையேண்ணா."

"நீ ரயில் ஓட்டறியா, வைத்தியம் பாக்கறியா?"

"என்கூட இன்ஜின்ல இருந்த ஒருத்தர் இதத்தான் போடுவாரு. கண்ணுல பிரஷர் அதிகமாகி ஓரப் பார்வை போயிருச்சு. நேரா பாத்தா நல்லா தெரியும், கடைசி வரி எழுத்துகூட படிப்பாரு. மெடிக்கல் செக்கப்புல கண்டுபிடிச்சு இன்ஜின விட்டு கீழ இறக்கிட்டாங்க. இப்ப ஸ்டோர்ல உக்காந்து ரசீது எழுதறாரு." மருந்து பாட்டிலைத் திருப்பி வைத்தான். "அவரும் டீ கிளாஸத் தட்டிவிடுவாரு."

நான் அறைக்கு வந்திருந்த சாப்பாட்டுத் தட்டை இழுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கைல என்ன இருக்குண்ணா?" என்றான்.

எந்தக் கை என்று திரும்பினேன். என் வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தான். ரொம்ப நேரமாக நீட்டியபடியே இருந்தானாம்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். உன் வேலையைப் பார் என்றேன். வயசுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத நன்றாக இருக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கமுத்து அண்ணன் விழுந்த குழி எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

அங்கமுத்து தூங்கிவிட்டான். அதை அவனே சொன்னான்.

செப்டம்பர் 11, மணாலி

110 கிலோமீட்டர். மத்தியானத்துக்கு மேல் ஓய்வு. செயினுக்கு எண்ணெய் போட்டேன், ஜட்டி பனியன் துவைத்தேன், கையுறை ஒன்று வாங்கினேன். அப்புறம் அங்கமுத்துவுக்குப் போன் பண்ணினேன்.

எனக்குச் சந்தேகம். முன்பின் தெரியாத ஒருவன் எந்தப் பக்கம் என்று கேட்கிறான் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எடுத்ததுமே கேட்டுவிட்டேன், நீ அந்த ரயில்காரனிடம் என்ன சொன்னாய் என்று.

"அவன நான் பாத்ததே இல்லீடா" என்றான். "என்ன கேட்டான்?"

சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"நான் தூங்குலடா சென்னி."

"ஆஸ்பத்திரில நீதான சொன்ன?"

"போலீசு எழுதறதுக்கு வந்து நின்னாங்க. உன்ற மேல கேசு வந்துரும்னுதான் அப்பிடிச் சொன்னேன். தூங்கறவன் எப்பிடிடா உன்ற கால மட்டும் பாத்துட்டே வருவான்? பாத்துட்டேதான் வந்தேன். கால் நீட்டுல நீ."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பதினேழு நாள் என்ற கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த. இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். நீ ஆரஞ்சு உரிச்சுக் குடுத்த. சரி, போ. ஒருக்கா கவனம் தவறிருச்சு. யாருக்கும் தவறும்டா. நான் முன்னால போயிருந்தா எனக்குந் தவறியிருக்கும். ஊருக்கு வந்து சிவகாமிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு. ஒண்ணரை வருசமா எந்திரிச்சா திட்டு, உக்காந்தா திட்டு. தாங்க முடியல."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கவனம் தவறிவிட்டது என்கிறான். அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

செப்டம்பர் 12, கேலாங்

70 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து 2985.

காலையில் தீர்த்தகிரி குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். பின்னால் ஆள் வருகிறானா என்று பார்க்காமல் நான் வண்டி ஓட்டியது இதுதான் முதல் தடவை. கோபம். யார் மேல் என்று கேட்டால் அந்த நேரத்தில் எல்லார் மேலும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சுரங்கப்பாதையைத் தாண்டினால் வெயிலும் காற்றும் வேறு மாதிரி இருந்தன. கேலாங்குக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் ரோடு வேலை. இடது பக்கம் ஜல்லி கொட்டியிருந்தது, அதனால் வலது பக்கம் ஒதுங்கினேன். கைப்பிடியில் ஏதோ இடித்தது. தகரம் உருளும் சத்தம் கேட்டது. டப்பாவைத் தட்டிவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டேன். அப்புறம்தான் ஆட்கள் கத்தினார்கள்.

தகரத்தில் ஜல்லி சுமந்த ஒரு பெண். பீகார் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவளாம், இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் சட்டை போட்டிருந்தாள், ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரிவதற்காகக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு என் கை எட்டும் தூரத்தில் நின்றிருக்கிறாள். மல்லாந்து விழுந்து, முழங்கை கிழிந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து இந்தியில் ஒன்று சொன்னாள். பின்னாலேயே வந்து சேர்ந்த தீர்த்தகிரிக்கு இந்தி தெரியும். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"உங்களையே பாத்துட்டு நின்னாளாம். நீங்களும் பாக்கறீங்கன்னு நெனச்சு நகரலையாம்."

நான் பார்க்கவில்லை. இதை எழுதிவிடுகிறேன். அவளை நான் பார்க்கவே இல்லை. டிராக்டரையும் பார்க்கவில்லை. ஆதிலாபாத் பள்ளத்தையும் பார்க்கவில்லை, கால் நீட்டவும் இல்லை.

கேலாங் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மேஸ்திரி கூட வந்தார். கட்டுப் போடும்போது அவள் அழவில்லை, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அவள் பெயர் பூலோ. நான் கும்பிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்து வண்டிச் சாவியைத் தீர்த்தகிரியிடம் கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 13, கேலாங்

தீர்த்தகிரி இன்று பேசினான். காலையில் சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

"மொத ரெண்டு நாள் உங்க கால மட்டும் நம்பித்தான் வந்தேன்ணா. எனக்கு அஞ்சு வயசுல பொண்ணு இருக்கு. மூணாவது நாள் புரிஞ்சுது. அதுக்கப்பறம் உங்க கால நான் பாக்கல."

"அப்பவே திரும்பிப் போயிருக்கலாமே."

"நான் போயிட்டா நீங்க தனியா போயிருப்பீங்க."

ஐந்து நாளாக என் வலது பக்கத்தில் அவன் வந்துகொண்டிருந்தது தண்ணீர் தெறிப்பதால் இல்லை. நீ காவல்காரனா என்று கேட்டேன், ஆமாம் என்று சொல்லாமல் விட்டான்.

புல்லட்டை மணாலிக்குக் கீழே இறக்கி லாரியில் ஏற்றிவிட ஒரு மெக்கானிக்கிடம் ஏற்பாடு செய்தான். எனக்குப் பஸ் டிக்கெட் எடுத்தான். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இந்த லீவுக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தேன்ணா" என்றான். "நான் மேல போறேன்."

பஸ் கிளம்பும்வரைகூட நிற்கவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் மூன்றாவது நாளே போயிருப்பேன்.

செப்டம்பர் 14, மணாலி – டெல்லி பஸ்

ஜன்னலோரம் கிடைத்தது. வலது பக்க ஜன்னல்.

செப்டம்பர் 17, ரயில்

நாக்பூர் தாண்டிவிட்டது. பக்கத்து சீட்டில் விருத்தாசலத்துக்காரர் ஒருவர், சப்பாத்தி சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டே வருகிறார். கார்துங் லாவிலிருந்து தீர்த்தகிரி போட்டோ அனுப்பியிருக்கிறான். கொடிகள், பனி, பலகை, அவன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது, அதுதான் தொல்லை. அங்கமுத்து கேட்டது ஒரு வார்த்தைதான். சிவகாமியிடம் போய், அன்றைக்கு எனக்குக் கவனம் தவறிவிட்டது, உன் புருஷன் தூங்கவில்லை அம்மா என்று சொல்ல வேண்டும். அவள் அழுவாள், கொஞ்சம் திட்டுவாள், அப்புறம் காப்பி போடுவாள். அங்கமுத்து மன்னித்தாயிற்று. எல்லாம் சரியாகிவிடும்.

ஆனால் கவனம் தவறவில்லை. கோகர்ணம் போனது பிப்ரவரி. அதற்கு முந்தின நவம்பரிலேயே கோயம்புத்தூர் கண் டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணில் ஓரம் முழுக்கப் போய்விட்டது, இடது கண்ணிலும் பாதி போய்விட்டது, போனது திரும்பாது, இனி வண்டி ஓட்டாதீர்கள் என்றார். படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டுப் புல்லட்டில்தான் வீட்டுக்கு வந்தேன். கலாமணியிடம் தூசி என்றேன். அங்கமுத்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முன்னால் போகிறேன் என்பான்.

இதை யாரும் கேட்கப் போவதில்லை. நானாகச் சொன்னால்தான் உண்டு.

செப்டம்பர் 19, ஈரோடு

கலாமணியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசித் தண்டுவரை ஆய்ந்து முடித்தாள்.

"ரெண்டு வருசமா பேரனத் தூக்கி முன்னால உக்கார வெச்சுட்டுப் போனீங்களே" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 20, ஈரோடு

சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கமுத்து வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டான். "சிவகாமி, இங்க வா, சென்னி ஏதோ சொல்லோணுமாமா" என்று அவனே கூப்பிட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "போன காரியம் பாதியில நின்னு போச்சாமாங்கண்ணா, உங்க வீட்டுல சொன்னாங்க" என்றாள்.

நான் சொன்னேன். அங்கமுத்து தூங்கவில்லை என்றேன். நான் கால் நீட்டாததால்தான் விழுந்தான், போலீஸ் கேஸ் வரக் கூடாது என்று எனக்காகத்தான் பொய் சொன்னான் என்றேன்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். சிரிக்கக்கூடச் செய்தான். ஒண்ணரை வருஷமாகத் தலையில் வைத்திருந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தான். "உடு, ஒருக்கா தவறிருச்சு, அதுக்கென்ன பண்றது" என்றான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாசலைப் பார்த்தேன். கேலாங்கில் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"தவறலடா" என்றேன். "எனக்கு வலது பக்கம் கண்ணு தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"டாக்டர் சொன்னது நவம்பர்ல."

"எந்த நவம்பரு?"

"கோகர்ணம் போறதுக்கு முந்தின நவம்பர்."

அவன் அந்தக் கணக்கைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று உதடு அசைந்தது. சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது இல்லை.

"அப்பத் தெரிஞ்சேதான் என்னயப் பின்னால வரச் சொன்ன" என்றான்.

அது கேள்வி இல்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

சிவகாமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை அவள் பார்க்கவில்லை. அவன் மடித்துவிட்ட வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "எத்தன நாள் சோத்த முன்னால வெச்சுட்டுத் திட்டினேன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அங்கமுத்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருட்டுனா உங்களுக்கு வழி தெரியாது" என்றான். "வெளிச்சம் இருக்கறப்பவே கெளம்புங்க."

ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னை வாடா போடா என்றவன். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். வாசல்வரை யாரும் வரவில்லை.